பதினைந்து மீட்டர்

என் டிராலிபஸ் தடத்தில்
முப்பத்தொரு நிறுத்தங்கள்.
நான்கில்தான் கழிப்பறை உண்டு:
பூக்கடை, தேவாலயத்தின் பின்கதவு,
பெட்ரோல் நிலையம்
(முறைத்துக்கொண்டேதான் சாவி தருவான்),
பிறகு கடைசி நிறுத்தம்.
க்டினியா நகரம்
எனக்கு அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன்
கருப்பை வாயில் இருந்ததைக்
கதிர் வைத்து எரித்தார்கள்.
அது போய்விட்டது. காகிதம் இருக்கிறது.
பக்கத்து வீடும் பற்றிக்கொண்டதைக்
காகிதத்தில் யாரும் எழுதவில்லை.

மூன்று வருடம் ஒன்றுமில்லை.
அப்புறம் ஓர் ஈஸ்டர் ஞாயிறு,
அக்கா வீட்டுக் கழிப்பறையில் சிவப்பு.
பீட்ரூட் சூப்தான் என்று
என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.
மறுநாளும் சிவப்பு.
மறுநாள் பீட்ரூட் இல்லை.

மருத்துவர் ஹால்ஷ்கா
பேனாவால் என் குடலை வரைந்தார்.
மயிரிழைக் குழாய்கள்
ஒவ்வொன்றாய் அடைபட,
மிச்சமிருப்பவை வீங்கி மெலிந்து
தொட்டால் கசியும்.
"தீ அணைந்தாயிற்று, மண் இன்னும் வேகிறது"
என்றேன்.
"அந்த இடத்துக்குக் காற்று போகவில்லை" என்று
திருத்தினார்.

எனிமா. மாத்திரை. வெள்ளை ரொட்டி.
பிறகு குழாய் விட்டு, ஆர்கான் வாயுவால்
கசியும் வாய்களைப் பொசுக்கினார்கள்.
சூடு கண்ட பூனையை
அடுப்படிக்கே திரும்பத் தூக்கிப் போனதுபோல்
இரண்டு முறை.
கொஞ்ச நாள் நின்றது. கொஞ்ச நாள்தான்.

வீட்டில் ரோக் ஒன்றும் கேட்பதில்லை.
மெத்தைக்கு அடியில் ரப்பர் விரிப்பு;
எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே ரகசியம்.

இப்போது நாற்பது தடவை
மஞ்சள் இரும்பு உருளைக்குள் போகவேண்டும்.
பருத்தி அங்கி. கைக்கடிகாரம் கூடாது.
உதட்டுச் சாயமும் கூடாது.
கதவு மூடியதும் காற்று இறுகி
காது அடைக்கும்;
எச்சில் விழுங்கி விழுங்கி இறங்கவேண்டும்.
கடலுக்கடியில் பதினைந்து மீட்டர் என்கிறார்கள்.
ஒரு சொட்டு நீர் இல்லை.

எதிர் இருக்கையில் ஸ்ஜிஸ்வாவ்.
கப்பல் தளத்தில் முக்குளித்தவர்,
கதிர் பட்டது புராஸ்டேட்டுக்கு.
"நாற்பது வருடம் நனைந்து இறங்கினேன்,
காயாமல் சாகப்போவதில்லை பார்" என்றார்.
அவருக்குப் பக்கத்தில் டிமோட்டியுஷ்.
அவன் தாடை எலும்பு அரிக்கிறது,
பேசமாட்டான்.

நடுவில் ஐந்து நிமிடம்
முகமூடியைக் கழற்றலாம்.
அப்போது ஸ்ஜிஸ்வாவ்
வெயிலா மழையா என்று கேட்கிற குரலில் கேட்பார்:
"நேற்று எத்தனை?"
"ஒன்பது."
"எனக்குப் பதினொன்று. நீ ஜெயித்தாய்."
டிமோட்டியுஷ் கட்டைவிரலை உயர்த்துவான்.
என் தங்கையிடம் சொல்லாததை
என் பாதிரியாரிடம் சொல்லாததை
இரும்புக்குள் அந்நியர் முன்
எண்ணாகச் சொல்லிச் சிரித்தேன்.

முப்பத்திநான்காம் நாள் முடிந்த மாலை
ரெட்வோவோ ஏற்றத்தில் பனி.
தலைக்கம்பி மின்கம்பியை விட்டு நழுவியது.
விளக்கெல்லாம் அணைந்த வண்டியில்
யாரோ ஒரு குழந்தை விக்கியது.
இறங்கிப் பின்பக்கம் போய்க்
கயிற்றைப் பிடித்து இழுத்து,
தவறி, மறுபடி இழுத்து,
நீலப் பொறி தெறிக்கப் பொருத்தினேன்.
பன்னிரண்டு நிமிடம்.
இருக்கைக்குத் திரும்பி
கையுறையைக் கழற்றும்போதுதான் உறைத்தது:
பன்னிரண்டு நிமிடமும்
வயிறு என்று ஒன்று இருந்ததாகவே
நினைக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை,
கண் பட்டுவிடும்.

மறுநாள் பெட்ரோல் நிலையத்தில்
வண்டியை நிறுத்தினேன்.
முறைத்தான்.
சாவியை வாங்கிக்கொண்டு
இம்முறை நடந்தேன்,
ஓடவில்லை.